காத்திருக்கச் சொன்ன குரல்

ஜூன் 4, திங்கள்

புது நோட்டு. பழையது மே மாதத்தோடு தீர்ந்துவிட்டது.

காலை ஏழு மணிக்குப் போரூர் ஷூட்டிங் வீடு. ஆறு காட்சிகள், எனக்கு நான்கு. மதியம் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பிரஷர் மாத்திரை போட மறந்தேன்.

தணிகாசலத்துக்குத் தொண்டை கட்டியிருக்கிறது போல. இரண்டாவது காட்சியில் மூன்று முறை அவரை உரக்கச் சொல்லச் சொன்னேன். அவர் எங்கள் பிராம்ப்டர். டிவி தொடரில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. பக்கங்கள் அன்று காலையில்தான் வந்து சேரும். கேமராவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து தணிகாசலம் ஒவ்வொரு வரியாகச் சொல்வார். அதை வாங்கி நாங்கள் எங்கள் பேச்சாக மாற்றிச் சொல்வோம். டப்பிங்கில் பிறகு சுத்தமான குரல் சேரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கிளிப்பிள்ளை வேலை. ஒரு காதில் தணிகாசலம், மறு காதில் எதிரே நிற்பவர். இரண்டையும் கேட்டுக்கொண்டு, ஒன்றை மட்டுமே கேட்பவன்போல் நிற்க வேண்டும். அவர் இருபத்திரண்டு வருடமாகக் குரல் கொடுக்கிறார். நான் பதினோரு வருடமாக நடிக்கிறேன். அதற்கு முன் திருநெல்வேலியில் பத்திரிகை நிருபர்.

"எனக்கு ஒன்னும் ஆவலியே சார். எப்பவும் போலத்தான் குரல் குடுக்கறேன்," என்றார்.

பாலில் மிளகு தட்டிப் போட்டுக் குடிக்கச் சொன்னேன்.

ஜூன் 6, புதன்

விடுமுறை. வாசல் அழைப்பு மணியின் பேட்டரி போய்விட்டது. கடைக்குப் போய்ப் புதிது வாங்கிப் போட்டேன். அதுவும் சரியில்லை. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரன் அழுத்திப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

என் மனைவி வடிவு சமையலறையிலிருந்து வந்து, "மணி நல்லாத்தாங்க அடிக்கி. தெருமுனை வரைக்கும் கேக்கி," என்றாள்.

எனக்கும் கேட்டது என்றேன்.

ஜூன் 9, சனி

தொடரில் என் தம்பியாக நடித்தவர் போன மாதம் தேதி விஷயமாக மேனேஜர் சௌந்தரிடம் இரண்டு வார்த்தை அதிகம் பேசிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை நாங்கள் போனபோது கூடத்துச் சுவரில் அவர் படம் மாலையோடு தொங்கியது. கீழே மின்சார விளக்கு. கதையில் மாரடைப்பு. எங்கள் தொழிலில் வேலைநீக்கக் கடிதம் இதுதான். இப்போது தினமும் அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்துதான் டிபன் சாப்பிடுகிறோம். இன்று பொங்கல்.

எனக்கு ஐம்பத்தெட்டு. இது போனால் இன்னொன்று வரும் என்று சொல்ல முடியாத வயது.

இளைய மருமகளாக நடிக்கும் ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. புதுச்சேரியில் எட்டு வருடம் மேடை நாடகத்தில் இருந்தவள். திரையில் நான் மாமனார் என்பதால் வெளியிலும் மாமா என்றே கூப்பிடுகிறாள். ஒரு காட்சியை இரண்டு முறை ஒரேபோல் செய்யமாட்டாள். கேமராமேனுக்கு அது தலைவலி. எனக்குப் பிடிக்கும். அவள் எப்போது நிற்பாள், எப்போது பேசுவாள் என்று தெரியாது. ஆகவே அவளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பார்த்துக்கொண்டிருந்தால் போதும், நடிக்க வேண்டியதில்லை.

ஜூன் 12, செவ்வாய்

மதிய இடைவேளை. பின்கட்டில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பியபோது ஜெசிந்தா முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முகத்தில் விளையாட்டு இல்லை.

"மாமா, பின்னாடி நின்னு நாலு தடவ கூப்பிட்டேன். பாம்பு பாம்புன்னுகூடச் சொன்னேன்."

படிப்பில் கவனம் என்றேன்.

"காலையில ரெண்டாவது சீன்ல தணிகா அண்ணன் ஒரு வரியத் தப்பாச் சொல்லிட்டு, அத விட்டுருங்கன்னாரு. நீங்க அதையும் சேத்துச் சொன்னீய. அவரு வாயப் பாத்துத்தான பேசுதீய?"

நான் பேப்பரை மடித்தேன்.

"யாருட்டயும் சொல்ல மாட்டேன். டாக்டரப் போய்ப் பாருங்க. அதுவரைக்கும் நான் இருக்கேன்," என்றாள்.

எட்டு வருட மேடை அனுபவம் வந்துவிட்டால் எல்லோருக்கும் வைத்தியம் சொல்லலாம் என்று நினைப்பு.

ஜூன் 13, புதன்

ஜெசிந்தாவிடம் பேசவில்லை. இரண்டு வரி தவறவிட்டேன்.

ஜூன் 16, சனி

சளி அடைத்திருக்கும் என்றுதான் போனேன். வடபழனியில் ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் இன்னும் போடவில்லையா என்று கண்ணாடி வழியாகக் கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்லாமல் ஏதோ குறித்துக்கொண்டாள்.

சளி இல்லை. நரம்பு. திரும்பி வராது, இன்னும் குறையும். இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பேசியே இருக்கலாம், எனக்குக் கேட்டிருக்கும்.

மெஷின் வைத்துக்கொண்டு அரிசி மண்டி முதலாளியாக நடிக்க முடியாது. குளோசப்பில் தெரியும். தெரிந்தால் சௌந்தர் கேட்பார். சௌந்தர் கேட்டால் படம், மாலை.

வடிவிடம் சளி என்று சொன்னேன்.

ஜூன் 19, செவ்வாய்

ஜெசிந்தாவிடம் தாளைக் காட்டினேன். வேறு யாரிடமும் காட்டவில்லை.

அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். காட்சியில் என் பக்கத்தில் நின்றுகொள்வது. தணிகாசலம் எனக்கான வரியைச் சொல்லி முடித்ததும் என் முழங்கைக்குக் கீழே ஒரு விரலால் தொடுவது. வரிகளைக் காலையிலேயே என்னோடு உட்கார்ந்து இரண்டு முறை படித்துவிடுவது. தொடு என்றால் பேசு. தொடவில்லையென்றால் நில். மருமகள் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இன்று ஐந்து காட்சி, ஒரு ரீடேக் இல்லை. கோயில் காட்சியில் எனக்குப் பேச்சே இல்லை. அவள் அழ வேண்டும், நான் நிற்க வேண்டும். அவள் அழவில்லை. அழுகை வரும் இடத்தில் சிரித்துவிட்டாள். விரல் என் கையிலேயே இருந்தது. என் கண் கலங்கியது எனக்கே பிறகுதான் தெரியும். டைரக்டர் பழனிக்குமார் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். என்ன சொன்னார் என்று தெரியவில்லை. ஜெசிந்தா பிறகு சொன்னாள்: "'இதெல்லாம் சொல்லிக்குடுத்து வர்றதில்ல'ன்னாரு."

பதினோரு வருடத்தில் இப்படி ஒரு நாள் இருந்ததில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றுச் சுவர்மேல் நடப்பதுபோல. விழுந்துவிடுவேன் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

ஜூன் 26, செவ்வாய்

கதை திரும்பிவிட்டது. இளைய மருமகள் என்னை எதிர்த்துப் பேசி வீட்டைவிட்டு வெளியேறப் போகிறாள். ஆகவே எல்லாக் காட்சியிலும் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் பதினைந்து அடி. தொட முடியாது.

நான் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஒத்திகையில் கவனமாகப் பார்த்து எண்ணிக்கொள்வது. அவள் உதடு நின்றதும் ஒன்று, இரண்டு, பேசு. திரும்பிப் பார்ப்பதற்கு நான்கு. உட்காருவதற்கு ஆறு. காது தேவையில்லை, கண்ணும் தேவையில்லை. எண் தவறுவதில்லை. இன்று டைரக்டர், "சாரப் பாருங்கப்பா, டைமிங்னா இது," என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். அவர் உதட்டைப் பார்த்தேன், டைமிங் என்றுதான் சொன்னார்.

பேக்கப் ஆனதும் ஜெசிந்தா என் கார் அருகே வந்தாள். பார்த்து வாசிக்க வசதியாக நின்று மெதுவாகப் பேசினாள். "நீங்க இப்ப என்னையப் பாக்குறதே இல்ல மாமா. எண்ணிக்கிட்டு நிக்கீய."

வேலை நடக்கிறதே என்றேன்.

"நடக்குது. செவுத்துகிட்ட பேசுத மாதிரி இருக்கு. டாக்டர் சொன்ன மெஷின வையுங்க. நான் டைரக்டர்ட்ட பேசுதேன்."

அவசரம் வேண்டாம், இந்த வாரம் முடியட்டும் என்றேன்.

ஜூலை 2, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இடம்: மதுரவாயலில் வாடகைக்கு எடுத்த ஒரு பூட்டிய கடை. கதைப்படி எங்கள் அரிசி மண்டி. நேரம்: காலை 11.40. காட்சி: மருமகள் வாசற்படியில் மண்டியிட்டு, முக்கால்வாசி இறங்கிய ஷட்டருக்கு வெளியே தலையைக் குனிந்து, அடி இடைவெளி வழியாக உள்ளே இருக்கும் மாமனாரிடம் கெஞ்சுகிறாள். வலது உள்ளங்கை ஷட்டருக்கு நேர் கீழே படிக்கல்லில் ஊன்றியிருக்கிறது. ஷட்டர் அவள் முழங்கால் உயரத்தில். அவள் வசனம் முடிந்து கையை எடுத்துக்கொள்கிறாள். மாமனார் ஷட்டரை இழுத்துச் சாத்துகிறார்.

நான் அவள் பக்கம் பார்க்கக் கூடாது என்பது டைரக்டர் சொன்னது. "மூஞ்சிய கேமரா பக்கம் வெச்சுக்குங்க சார். அவளப் பார்த்தா எளகிடுவீங்க." ஆகவே ஷட்டரை எப்போது இழுப்பது என்பதைத் தணிகாசலம் பார்த்துச் சொல்வது என்று ஏற்பாடு. கை நகர்ந்ததும் "இழுங்க" என்பார். அவர் எனக்கு நான்கடி தூரத்தில், மூட்டைகளுக்குப் பின்னால், அவள் கை தெரியும்படி உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து அவர் முகம் எனக்குத் தெரியாது.

இரண்டு ஒத்திகை. தரையில் அவள் நிழல் விழுந்திருந்தது. அதைப் பார்த்தே எண்ணினேன். இரண்டிலும் அவள் தலை ஆடி நின்றதிலிருந்து மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்தாள்.

டேக். நிழல் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. இழுத்தேன்.

ஷட்டர் முழுதாக இறங்கவில்லை. பழைய ஷட்டர், ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். கடைக்காரர்கள் செய்வதுபோல் அடிப்பட்டையில் காலை வைத்து அழுத்தினேன்.

கேமராமேன் கேமராவை விட்டுவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தார். அவர் வாய் திறந்திருந்தது.

ஜெசிந்தாவின் வலது கை. நடுவிரலில் எலும்பு இரண்டாக. மோதிர விரலின் நுனி போய்விட்டது. பகல் 12.25க்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வடிவு சோறு எடுத்துவைத்தாள். தயிர் மட்டும் ஊற்றிக்கொண்டேன்.

ஜூலை 3, செவ்வாய்

ஷூட்டிங் ரத்து. பத்து மணிக்கு சௌந்தர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். டைரக்டரும் இருந்தார். அவர், "சார் அந்த மூட்லயே இருந்துட்டார். கேரக்டர் உள்ள எறங்கிட்டா அப்படித்தான். அவர் மேல தப்பில்ல," என்று சௌந்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சௌந்தர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "சேனல்ல கேக்கறாங்க சார். நீங்க பத்திரிகைல இருந்தவர். நடந்தத ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க. யார் பேர்லயும் பழி போட வேணாம். நடந்தது மட்டும்."

எழுதியதன் முக்கியப் பகுதி: "ஷட்டரை இழுக்கும் நேரத்தைப் பிராம்ப்டர் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. காத்திருக்கும்படி எந்தக் குரலும் என் காதில் விழவில்லை. ஒத்திகையில் செய்த அதே நேரத்தில் ஷட்டரை இழுத்தேன்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருமுறை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன்.

சௌந்தர் படித்துவிட்டு, நடு வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடு போட்டார். காபி வந்தது.

ஜூலை 4, புதன்

தணிகாசலத்தை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். யூனியனிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புதுப் பிராம்ப்டர் ஒரு பெண். நன்றாக வாயைத் திறந்து பேசுகிறாள்.

ஜூலை 6, வெள்ளி

ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி போனேன். அவள் அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கையைப் பெரிய துணி மூட்டைபோல் கட்டித் தலையணைமேல் வைத்திருந்தார்கள்.

நாற்காலியைக் கட்டிலின் இந்தப் பக்கம் போடச் சொன்னாள். நான் உதட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

"எத்தனை வரைக்கும் எண்ணுனீய?"

மூன்று என்றேன்.

தலையசைத்தாள். "எடுத்திருப்பேன் மாமா. ஒங்க முதுகப் பாத்தேன். திரும்பிருவீயளோன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. அந்தப் பொண்ணு அப்படித்தான நெனப்பா? அதான் கைய அப்படியே விட்டேன். தணிகா அண்ணன் இருங்க இருங்கன்னது கேட்டுச்சு. சரி, நீங்க நிப்பீயன்னு இருந்துட்டேன்."

அப்படி அவள் நின்றது சரிதான். நல்ல நடிகை நிற்க வேண்டிய இடம்.

"மேனேஜர் வந்தாரு. தணிகா அண்ணன் தூங்கிட்டாருன்னு எழுதி எடுத்துட்டு வந்து கையெழுத்துக் கேட்டாரு. எனக்குக் கையா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்." சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரித்தேனா என்று நினைவில்லை.

பிறகு சொன்னாள்: "நான் சொல்ல மாட்டேன். நானும் சேந்துதான மறைச்சேன். நீங்களே சொல்லிருங்க மாமா. அந்த மனுசன் இருபத்திரண்டு வருசமா இந்த ஒரு வேலையத்தான் பாக்காரு."

சொல்கிறேன் என்றேன். எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 9, திங்கள்

டப்பிங். வடபழனி ஸ்டூடியோ, மாலை நான்கு மணி. போன திங்கட்கிழமை எடுத்த அந்த டேக்கையே வைத்துக்கொண்டார்கள். ஷட்டர் இறங்கி, அவள் அலறி, கேமரா ஆடுவது வரை. "இந்தக் கத்தலு வேற யாருக்கு சார் வரும்?" என்றார் எடிட்டர்.

எனக்கு இரண்டு வரி பாக்கி. ஹெட்போனில் பைலட் போட்டார்கள். ஷூட்டிங்கில் கேமரா பிடித்துவைத்திருக்கும் கரடுமுரடான ஒலிக்குப் பைலட் என்று பெயர். அதைக் கேட்டுக்கொண்டே நல்ல குரலைப் பதிய வேண்டும். இன்ஜினியரிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். இன்னும் கூட்டச் சொன்னேன்.

"காது கிழிஞ்சிடும் சார்," என்றான்.

கூட்டினான். கேட்டது.

ஜெசிந்தாவின் கடைசி வரி. அதன்பின் தணிகாசலம், தெளிவாக: "இருங்க." பிறகு, "சார், இருங்க." பிறகு ஷட்டர். ஷட்டருக்கு மேலே, "கை, கை, சார் கை." அவள் அலறல். அலறல் தொடங்கி நான் காலை எடுப்பதற்குள் நான்கு விநாடி. திரையின் ஓரத்தில் கடிகாரம் ஓடுகிறது, சரிபார்த்தேன்.

மூன்று முறை போடச் சொன்னேன். தொண்டையைச் சரிசெய்துகொள்வதாகச் சொன்னேன்.

"இந்தப் பைலட்டை அப்புறம் என்ன செய்வீர்கள்?"

"மிக்ஸிங் ஆனதும் அழிச்சிருவோம் சார். டிஸ்க்ல எடம் எங்க இருக்கு? வேணும்னா பென் டிரைவ் குடுங்க, போட்டுத் தரேன்."

வேண்டாம் என்றேன். சட்டைப்பையில் பென் டிரைவ் இருந்தது.

பிறகு என் வரியைச் சொன்னேன்: "இனிமே இந்தக் கடையில உனக்கு எதுவும் இல்ல. போ." முதல் டேக்கிலேயே ஓகே.

ஜூலை 10, செவ்வாய்

ஷூட்டிங் இல்லை. தண்ணீர் லாரி வந்தது. மாடித் தொட்டியைக் கழுவி நிரப்பினேன். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி; மருந்து அடிக்க ஆள் வரச் சொல்ல வேண்டும்.

ஜூலை 15, ஞாயிறு

காலை பத்தரைக்குத் தணிகாசலம் வந்தார். மணியை வெகுநேரம் அடித்திருக்கிறார். வடிவு குளித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஜன்னல் பக்கம் வந்து கையசைத்தார். ஒருமுறைகூட மணியைப் பற்றிக் கேட்கவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்ததாக நினைத்திருப்பார்.

சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். ஷேவ் செய்யவில்லை. எதிரில் உட்காரச் சொன்னேன்.

"சார், ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடறேன். அன்னிக்கு நான் இருங்கன்னு சொன்னேனா இல்லியா?"

வடிவு குளித்து முடித்துவிட்டாளா என்று உள்ளே பார்த்தேன்.

"எனக்குச் சொன்ன மாதிரிதான் ஞாபகம். ஆனா ஷட்டர் சத்தத்துல யாருக்கும் கேக்கலன்றாங்க. ஜெசிந்தா பாப்பா கேட்டுச்சுன்னு சொல்லுது. அது என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்லும், அதோட கொணம் அப்படி. நீங்க எனக்கு நாலடில நின்னீங்க. உங்களுக்குக் கேட்டிருந்தா போதும் சார். வேலைக்கு வரல. வேற எங்கயாச்சும் பார்த்துக்கறேன். எனக்குத் தெரியணும். ஒருவேளை சொல்லணும்னு நெனச்சேன், வாய்ல வரலியோன்னு. டீக்கடைல உக்காந்து ஒரு டீ சொல்றேன்னு வைங்க, சொன்னேனா நெனச்சனான்னு தெரியல. ரெண்டாவது தடவ சொல்லிடறேன். ரெண்டு டீ வந்துடுது."

அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வடிவு காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவருகே நின்றாள்.

"எனக்குக் கேட்கவில்லை தணிகா," என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கு சரியாக வந்த மாணவன் முகம்போல இருந்தது, விடை பிடிக்காவிட்டாலும்.

"அப்ப நான் சொல்லல சார்," என்றார். காபியை முழுக்கக் குடித்தார். டம்ளரை எடுத்துப்போய்த் தானே குழாயில் கழுவி வைத்தார். வடிவு வேண்டாம் வேண்டாம் என்றாள். "பாப்பாவோட விரல் சார்," என்று வாசலில் ஒருமுறை சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஜூலை 20, வெள்ளி

அந்த எபிசோடு இரவு ஒன்பதரைக்கு வந்தது. வடிவு பார்த்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். ஷட்டர் இறங்கியதும் அவள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தப் புள்ள கத்துனது நெசந்தான?"

ஆமாம்.

"அந்தா ரோட்டுல போறவனுக்குக் கேக்கும். ஒங்களுக்குக் கேக்கலையா?"

ரிமோட்டை வாங்கக் கை நீட்டினேன்.

"டாக்டர் எழுதுன தாளு ஒங்க பேண்ட் பையில கெடந்துச்சு. தொவைக்கப் போடையில பாத்தேன். போன மாசமே பாத்தேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்." பிறகு இன்னும் ஏதோ சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதால் தெரியவில்லை.

ஜூலை 21, சனி

வடிவு தங்கை வீட்டுக்கு அம்பாசமுத்திரம் போயிருக்கிறாள். ஆடி முடிந்து வருவாளாம். எலுமிச்சை ஊறுகாய் வெயிலில் இருக்கிறது, மாலையில் எடுத்து வைக்க வேண்டும் என்று காலண்டரில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.

சௌந்தரிடம் பேச இரண்டு முறை போனேன். முதல் முறை அவர் சேனலில் இருந்தார். இரண்டாம் முறை ஆபீஸில்தான் இருந்தார். கூட ஆட்கள் இருந்தார்கள். மூன்று பேர்.

ஆகஸ்ட் 13, திங்கள்

ஜெசிந்தா இன்று வேலைக்குத் திரும்பினாள். கதைப்படி ஆறு வாரம் தாய்வீட்டில் இருந்தாள். காலை ஆறே முக்காலுக்கே வந்துவிட்டாள். மேக்கப் அறை வாசலில் எதிர்ப்பட்டோம். வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

"நல்லாயிருக்கீங்களா சார்?" என்றாள். உதடு தெரியும்படி, மெதுவாக, என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அந்த உதவியை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

இருக்கிறேன் என்றேன். தணிகாசலம் பற்றி அவள் கேட்கவில்லை. அவர் இப்போது பூந்தமல்லியில் மைத்துனரின் மாவு மில்லில் இருக்கிறார் என்று கேமராமேன் சொன்னார். அந்த மில்லில் பேச்சே தேவையில்லையாம்.

பத்தரை மணிக்கு எங்கள் காட்சி. சமாதானக் காட்சி. மருமகள் கூடத்துக்குள் வந்து மாமனார் காலைத் தொட்டு வணங்குகிறாள். மாமனார் மனமிளகித் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறார். வசனம் இல்லை. பிராம்ப்டர் தேவையில்லை. எண்ணவும் இல்லை. ஆறு வாரத்தில் முதல்முறையாக அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

குனிந்து எழுந்தாள். கையை உயர்த்தினேன்.

அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறின. கண் மூடிக்கொண்டது. புடவைக்குள் இருந்த வலது கை முதுகுக்குப் பின்னால் போனது. அரைவிநாடிதான். உடனே கண்ணைத் திறந்து, தலையை என் கைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தாள். உச்சந்தலை வியர்த்திருந்தது. கை வைத்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே அவள் நடுங்கியது தெரிந்தது.

கட் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் அசைந்தார்கள்.

அவள், "சாரி சார், ஒன்மோர் போயிரலாம்," என்று டைரக்டரிடம் சொன்னாள். போனோம். இரண்டாம் டேக்கிலும் அப்படியே. மூன்றாவதில் தன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், நடுக்கம் நின்றபாடில்லை. மேடையில் எட்டு வருடம் இருந்தவள். உடம்பை அவளால் அடக்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

பழனிக்குமார் மானிட்டரைவிட்டு எழுந்து வந்தார். சௌந்தரைக் கைகாட்டி அழைத்தார். ரைட்டருக்குப் போன் போட்டார். இருபது நிமிடம் பேசினார்கள். நாங்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றோம். யாரோ அவளுக்கு ஸ்டூல் கொண்டுவந்தார்கள். அதை என்னிடமிருந்து இரண்டடி தள்ளி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு டைரக்டர் வந்து, சமாதானம் கிடையாது, காட்சி மாறுகிறது என்றார். மருமகள் வீட்டுக்குள் வருகிறாள், ஆனால் மாமனாரைக் கண்டால் நடுங்குகிறாள். ஏன் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதை வைத்துக் கதை போகும். அவளிடம், "இந்த பயம் அப்படியே வேணும்மா. தினமும் வேணும். எங்கேர்ந்து எடுத்தேன்னு கேக்க மாட்டேன், விட்டுறாத," என்றார். அவள் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டு சரி என்று தலையாட்டினாள். கைக்கு வைத்தியச் செலவு, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், ஆறு வாரம் வராமல் போன சம்பளம் எல்லாம் அவளுக்கு இருக்கிறது.

மதியம் சாப்பாட்டு வேளையில் சௌந்தர் என்னைத் தனியாக அழைத்துப்போனார். சேனல் ஒப்புக்கொண்டுவிட்டதாம். இன்னும் முந்நூறு எபிசோடு. "உங்க கேரக்டர்தான் இனிமே கதையே. ஒரு வருஷத்துக்கு உங்களுக்குக் கவலை இல்ல சார்," என்றார்.

இது முழுவதையும் அவர் என் காதருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்கச் சொன்னார்.

நான் அவரிடம் ஒருபோதும் எதுவும் சொன்னதில்லை.

நன்றி என்றேன்.